படம் இல்லாத பக்கம்

பிளசர் என்றால் கார் என்று புரிந்துகொள்கிற கடைசித் தலைமுறை நாம்தான். அதனால் இதை என் வயதுக்காரர்களுக்கே எழுதுகிறேன். மற்றவர்களுக்குச் சொல்வதென்றால் முதலில் பிளசரை விளக்க வேண்டும். பிறகு அதன் பின்னால் ஓடிப்போய், பெட்ரோல் புகை நெஞ்சுக்கு நல்லது என்று நம்பி மூச்சை இழுத்ததையும் விளக்க வேண்டும்.

தேதி விஷயத்தில் நான் கறாரானவள். தபால் ஆபீசில் வேலை பார்த்த காலமெல்லாம் காலையில் முதல் காரியமாக முத்திரைக் கட்டையில் தேதி மாற்றியவள். ஆனால் இந்தச் சம்பவத்துக்கு மட்டும் என்னிடம் தேதி இல்லை. ஆட்சி மாறிய அறுபத்தேழாம் வருடத்துச் சித்திரை மாதம். வீரபாண்டித் திருவிழாவுக்குக் கம்பம் நட்டாயிற்று, தேர் இன்னும் இழுக்கவில்லை. எனக்குப் பன்னிரண்டு வயது. அவ்வளவுதான் நிச்சயமாகச் சொல்ல முடியும்.

இன்னொரு தேதி மட்டும் நிச்சயம். 1966 ஜூன் 18, 19. சனி, ஞாயிறு. பிரான்சில் வருடந்தோறும் நடக்கும் இருபத்து நாலு மணி நேரக் கார்ப் பந்தயம் அந்த வருடம் நடந்த நாட்கள். சனி மாலை நாலு மணிக்குக் கிளம்பினால் ஞாயிறு மாலை நாலு மணி வரை ஓட வேண்டும். வேகம் மட்டும் போதாது, வண்டி தாங்க வேண்டும். இத்தாலிக் கம்பெனி ஒன்றின் கார்கள் அதில் ஆறு வருடம் தொடர்ச்சியாக ஜெயித்திருந்தன. அமெரிக்கக் கம்பெனிக்காரர் அந்த இத்தாலிக் கம்பெனியையே விலைக்குக் கேட்டார். எல்லாம் பேசி முடித்து, கையெழுத்துப் போடும் நேரத்தில் இத்தாலிக்காரர் மறுத்துவிட்டார். அந்த அவமானத்தில் அமெரிக்கக்காரர் கோடி கோடியாகக் கொட்டிப் புதுக் கார் செய்தார். இரண்டு வருடம் தோற்றார். மூன்றாம் வருடம் ஜெயித்தார். அதுதான் 66.

எங்கள் கம்பம் பள்ளத்தாக்கிலும் அப்போது இரண்டு கார் முதலாளிகள் இருந்தார்கள். கம்பத்து முதலாளியிடம் பழைய அமெரிக்கக் கார்கள் இரண்டு. எஸ்டேட் துரைமார்கள் ஊருக்குப் போகும்போது விற்றுவிட்டுப் போனவை. நீளமாக, கனமாக, ஒரு கல்யாண வீட்டையே ஏற்றிக்கொள்ளும். தேனி முதலாளியிடம் இரண்டு சின்னக் கார்கள். இத்தாலிச் சாயலில் பம்பாயில் செய்தவை. இந்த இரண்டு பேருக்கும் பகை வந்தது கம்பெனி விற்பனையால் அல்ல, சம்பந்தத்தால். கம்பத்துக்காரர் மகனுக்குத் தேனிக்காரர் மகளைப் பேசி, பரிசம் போடுகிற அன்றைக்குத் தேனிக்காரர் மாற்றிப் பேசிவிட்டார். அதிலிருந்து குமுளிக்குப் போகிற சவாரியெல்லாம் சண்டைதான்.

என் அப்பா கம்பத்து முதலாளியின் மூத்த டிரைவர். இளைய டிரைவர் என் தாய்மாமா. அம்மாவின் தம்பி. மாமாவுக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக் கொடுத்ததே அப்பாதான்.

அப்பாவுக்கு வெளிநாட்டுப் பந்தயம் எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். வண்டிப்பெரியாறுப் பக்கம் ஒரு துரை எஸ்டேட்டை விட்டுக் கிளம்பியபோது அவருடைய சாமான்களை அப்பாதான் ஏற்றி இறக்கினார். துரை ஒரு கட்டுக் கார்ப் புத்தகங்களை அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். வழவழப்பான தாள். திறந்தால் மண்ணெண்ணெயும் புது ரப்பரும் கலந்த மாதிரி ஒரு வாசனை. அப்பாவுக்கு இங்கிலீஷ் ஒரு எழுத்தும் வராது. படம் பார்ப்பார். நான் படத்துக்குக் கீழே உள்ள வரிகளை எழுத்துக் கூட்டிப் படித்து, பாதி தெரிந்தும் பாதி தெரியாமலும் சொல்வேன்.

அவருக்கு மிகவும் பிடித்தது ஒரு படம். மழை ஈரத்தில் மின்னுகிற ரோட்டில் இரண்டு கார்கள் பக்கம் பக்கமாக வருகின்றன, சற்றுப் பின்னால் மூன்றாவது. மூன்றும் அமெரிக்கக் கம்பெனியுடையவை. எல்லையைத் தொடுகிற தருணம். "பாத்தியாத்தா, அண்ணந் தம்பிக கோயிலுக்குப் போற மாதிரி வாறாக" என்பார்.

அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்தபோது நோட்டுக்கெல்லாம் புது அட்டை போட வேண்டியிருந்தது. நாமெல்லோரும் போட்டதுதான். காலண்டர் தாள், சாக்குக் காகிதம், எது கிடைத்தாலும். நான் அந்தப் புத்தகத்தைக் கேட்டேன். அப்பா யோசித்துவிட்டுச் சொன்னார்: "படம் இருக்கதத் தொடாத. படம் இல்லாத தாளாப் பாத்துக் கிழிச்சுக்க."

கிழித்தேன். பூகோள நோட்டுக்கு, இருபுறமும் எழுத்தே நிறைந்த ஒரு தாள். அந்தப் படத்துக்கு அடுத்த தாள்.

மாசியிலோ பங்குனியிலோ அப்பா அந்தப் படத்தை முதலாளியிடம் கொண்டுபோய்க் காட்டினார். தனக்குத் தெரிந்ததைக் காட்டிக்கொள்ளும் ஆசைதான். முதலாளி அதை வாங்கி வைத்துக்கொண்டார். அமெரிக்கக்காரன் இத்தாலிக்காரனை ஜெயித்த படம் என்று தெரிந்ததும் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. தேனிக்காரருக்கு ஆள் விட்டார். காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை, கம்பம் புளியமரத்து முக்கிலிருந்து குமுளி செக்போஸ்ட் வரைக்கும் போய்த் திரும்ப வேண்டும். எட்டுச் சுற்று. பானட்டைத் திறந்தாலும் டிரைவர் இறங்கினாலும் அந்த வண்டி தோற்றது. பெட்ரோல் போட ஒரு தடவை மட்டும் நிறுத்தலாம். தோற்றவர் குமுளிச் சவாரியை விட்டுவிட வேண்டும்.

தன் டிரைவர்கள் இருவரிடமும் முதலாளி ஒரு வார்த்தை சொன்னார். "எந்த வண்டி மொதல்ல வருதோ அத ஓட்டுனவனுக்கே அந்த வண்டிய எழுதித் தாரேன்."

அப்பா மற்றவர்கள் காரை ஓட்டி ஓட்டியே காது பக்கம் நரைத்தவர். அன்று வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். அம்மா, "சொந்த வண்டின்னா வீரபாண்டிக்கு நம்மளே போகலாம்ல" என்று மட்டும் கேட்டாள். அப்பா மறுநாள் காலையில் வண்டியைத் துடைக்கும்போது மட்கார்டுக்கு அடியிலெல்லாம் கைவிட்டுத் துடைத்தார்.

பந்தயத்துக்கு முந்தின நாள் முதலாளி மறுபடி கூப்பிட்டார். போட்டோ ஸ்டூடியோக்காரரை ஏற்பாடு செய்திருந்தார். "இந்தப் படத்துல இருக்காப்புல நம்ம ரெண்டு வண்டியும் ஒண்ணா வரணும்ப்பா. பெருசாப் போட்டு ஷெட்டுல மாட்டணும். தேனிக்காரன் போகையில வரையில பாக்கணும்."

"அப்ப வண்டி யாருக்கு மொதலாளி?" என்று அப்பா கேட்டிருக்கிறார்.

"மூத்தவன் நீதானப்பா. அதப் பெறகு பாத்துக்கிருவோம்."

அப்பா அதைத் தனக்குத்தான் என்று எடுத்துக்கொண்டார். மாமாவும் அது அப்பாவுக்குத்தான் என்றே எடுத்துக்கொண்டார். அதில் யாருக்கும் சந்தேகமில்லை.

பந்தய நாள் காலை நான் முக்கில் நின்று பார்த்தேன். புளியமரங்களுக்கு நடுவே ரோடு குறுகல், அதனால் நாலு வண்டியும் ஒன்றன் பின் ஒன்றாக நின்றன. சீட்டுக் குலுக்கியதில் தேனி வண்டிகள் முன்னால், எங்கள் வண்டிகள் பின்னால். எங்கள் இரண்டில் மூத்தவர் வண்டிதான் முதலில் எலுமிச்சம்பழத்தை நசுக்க வேண்டும் என்று அப்பாவை முன்னால் விட்டார்கள். மாமா கடைசி. எங்கள் பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் வாத்தியார்தான் நேரம் பார்ப்பவர். இரண்டு முதலாளியும் ஒத்துக்கொண்ட ஒரே மனிதர். ஹெட்மாஸ்டர் அறைச் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டு வந்து மேஜைமேல் சாய்த்து வைத்திருந்தார். பக்கத்தில் சிலேட்டு, சாக்பீஸ். விசில் ஊதியதும் நாலும் கிளம்பின.

மூன்றாம் சுற்றிலேயே தேனி வண்டி ஒன்று லோயர் கேம்புக்கு மேலே மலையேற்றத்தில் கொதித்துவிட்டது. டிரைவர் பொறுக்க முடியாமல் பானட்டைத் திறந்துவிட்டார். அது போயிற்று. ஊரே விசிலடித்தது. எங்கள் வண்டிகளின் ரேடியேட்டர்மேல் அப்பா ஈரச் சாக்கு கட்டியிருந்தார். அவை ஆவி விட்டுக்கொண்டே போய் வந்தன.

நான் வீட்டுக்குப் போனேன். அம்மா பழைய நோட்டுகளைக் கடைக்குப் போட எடுத்து வைத்திருந்தாள். "அட்டையெல்லாம் உரிச்சுக் குடு. நோட்டுக்குத்தேன் எடை" என்றாள். பூகோள நோட்டின் அட்டையை உரித்தேன். நாலு மாதம் உள்பக்கமாக மடிந்து கிடந்த எழுத்தை அன்றுதான் பார்த்தேன். மேலே, அந்தப் படத்துக்குக் கீழே பாதியில் நின்றிருந்த வரியின் மிச்சம் இருந்தது.

எழுத்துக் கூட்டினேன். முன்னால் வந்துகொண்டிருந்த டிரைவரைக் கம்பெனி மெதுவாக வரச் சொன்னது, படத்துக்காக. அவர் மெதுவாக வந்தார். சேர்ந்து வந்தார்கள். ஆனால் கிளம்பும்போது இன்னொரு கார் அவருக்குப் பின்னால் தள்ளி நின்றிருந்தது. அதனால் சேர்ந்து வந்தபோது அந்தக் கார்தான் சில மீட்டர் அதிகமாக ஓடியிருந்தது. அதுவே ஜெயித்தது. எத்தனை மீட்டர் என்பது இப்போதும் புத்தகத்துக்குப் புத்தகம் மாறுகிறது. அன்று எனக்குப் பாதி வார்த்தைகளுக்கு அர்த்தம் தெரியாது. "பின்னால்", "தூரம்", "வெற்றி" என்ற மூன்றும் தெரியும். அவ்வளவே போதுமாக இருந்தது. மாமா கடைசியாக நின்றதைக் காலையில் பார்த்திருந்தேன்.

அம்மாவிடம் சொன்னேன். "எவன் ஊர்லயோ நடந்ததுக்கு இங்கன என்னடி? ரெண்டும் நம்ம ஆளுகதானே" என்றாள். அவளுக்கு ஒருபக்கம் புருஷன், ஒருபக்கம் தம்பி. வேறென்ன சொல்வாள் என்று இப்போது தோன்றுகிறது.

தாளை எடுத்துக்கொண்டு வாத்தியாரிடம் ஓடினேன். வெயில் உச்சியில் இருந்தது. மேஜையில் அவருக்கு நன்னாரி சர்பத் வைத்திருந்தார்கள், அதில் எறும்பு மிதந்தது. அவர் தாளை வாங்கி, கண்ணாடியைத் தூக்கி இறக்கி, முழுவதும் படித்தார்.

"இத நீயே படிச்சியா?"

"ஆமா சார். சேந்து வந்தா எங்கப்பா தோத்துருவாகள்ல சார்? முன்னால வரச் சொல்லுங்க சார்."

அவர் சிலேட்டைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். "நான் நேரம் பாக்குறவன். ஒருத்தன முந்துன்னும் சொல்லக் கூடாது, பிந்துன்னும் சொல்லக் கூடாது. சொன்னா அது நேர்மையில்ல."

"அப்பத் தாளக் குடுங்க சார். நானே சொல்றேன்."

"இருக்கட்டும். இது முக்கியமான தாள்" என்று மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஐந்தாம் சுற்று முடிந்து அப்பா பெட்ரோலுக்கு நிறுத்தினார். கூட்டம் சூழ்ந்துகொண்டது. பெரியவர்களின் இடுப்புக்கும் வேட்டிக்கும் நடுவே நுழைந்து கதவருகே போனேன். அப்பா சொம்பிலிருந்து நீராகாரம் குடித்துக்கொண்டிருந்தார். முகமெல்லாம் செம்மண், கண் இரண்டும் மட்டும் வெள்ளை. வண்டியின் சூடு என் கன்னத்தில் அடித்தது. முதலாளி மறுபக்க ஜன்னலில் கை வைத்து நின்றார்.

"அப்பா, நீங்க தனியா முன்னால வாங்க. சேந்து வந்தா மாமாதேன் செயிச்சதா ஆகும். அந்தத் தாள்ல போட்ருக்கு."

முதலாளி சிரித்துவிட்டார். "ஏப்பா, ஒம் மக வக்கீலுக்குப் படிக்கிறாளா?"

அப்பாவும் சிரித்தார். "மொதலாளி சொல்லிட்டாகத்தா. நீ சாப்ட்டியா?"

"அப்பா..."

"வெயில்ல நிக்காத. வீட்டுக்குப் போ."

சொம்பை யாரிடமோ கொடுத்தார். வண்டி கிளம்பிவிட்டது.

கால் மணி நேரம் கழித்து மாமா வண்டி வந்தது. மாமாவிடமும் சொன்னேன். "ஏ கழுத, ஒங்கப்பன முந்தீட்டு நா எங்க போறது? மச்சான் நின்னு கூட்டிட்டு வந்தாத்தேன் நானே வந்து சேருவேன்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. ஆறாம் சுற்றில் மிச்சமிருந்த தேனி வண்டியும் குமுளியில் ஒரு பலாப்பழ லாரிக்கு ஒதுங்கி, ஓடையில் சக்கரம் இறங்கி நின்றுவிட்டது. அதன் பிறகு ரோட்டில் ஓடியது எங்கள் வண்டிகள் இரண்டு மட்டும்.

ஏழாம் சுற்று முடிந்து அப்பா போனபோது ரோட்டோரம் நின்று இரண்டு கையையும் ஆட்டினேன். போங்க, நிக்காம போங்க என்று கத்தினேன். நான் உற்சாகமாக இருப்பதாக நினைத்து அவரும் ஜன்னல் வழியே கை ஆட்டிவிட்டுப் போனார்.

கடைசிச் சுற்றில் கூடலூரில் அப்பா மாமாவுக்காகக் காத்திருந்ததாகப் பிறகு சொன்னார்கள். நிற்கக் கூடாது என்பதால், சைக்கிளில் போகிறவர்கள் தாண்டிப் போகிற வேகத்தில், திராட்சைப் பந்தல்களை ஒட்டி ஊர்ந்துகொண்டே இருந்தாராம்.

ஆறு மணிக்குச் சற்று முன்னால் இரண்டு வண்டியும் வந்தன. போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டிருந்தார். குறுகல் ரோட்டில் இரண்டும் பக்கம் பக்கமாக வர வேண்டுமென்றால் ஆளுக்கு ஒரு சக்கரம் மண்ணில் ஓட வேண்டும். ஓடின. பம்பரும் பம்பரும் ஒரே நேரத்தில் எல்லைக் கோட்டைத் தாண்டின. அப்படியொரு ஓட்டத்தை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை. புழுதி புளியமரம் உயரத்துக்கு எழும்பி எல்லோரையும் மூடியது.

அது அடங்கும் முன்பே தேனி முதலாளி பேசினார். தோற்றவர், வேறு ஒன்றும் மிச்சமில்லாதவர். "செயிச்சவனுக்கு வண்டியின்னு ஊரெல்லாஞ் சொன்னியே. ரெண்டு பேரும் மொதல்னா வண்டிய ரம்பத்துல அறுத்தா குடுக்கப் போற?"

கூட்டம் சிரித்தது. முதலாளிக்கு முகம் கறுத்தது. பிறகு பார்த்துக்கொள்வதாக இருந்த விஷயம் இத்தனை பேர் நடுவில் வந்துவிட்டது. "வாத்தியார் சார் சொல்லட்டும். அவுக சொன்னாச் சரி" என்றார்.

வாத்தியார் எழுந்தார். சட்டைப் பையிலிருந்து என் தாளை எடுத்தார். இங்கிலீஷில் படித்து, தமிழில் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். பிரான்ஸ் தேசத்திலேயே இப்படித்தான் தீர்ப்பு, சேர்ந்து வந்தால் பின்னாலிருந்து கிளம்பியவனே அதிக தூரம் ஓடியவன். இளைய டிரைவர் ஒரு வண்டி நீளம் கூடுதலாக ஓடியிருக்கிறார். அவரே முதல்.

முறையான தீர்ப்பு. இன்று வரை அதில் ஒரு தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை என்னால்.

யாரோ கேட்டார்கள், "இந்தத் தாள் ஏது சார்?"

"இந்தப் புள்ளதான் கொண்டாந்து குடுத்துச்சு" என்று வாத்தியார் என்னை முன்னால் இழுத்துத் தலையைத் தடவினார். "டிரைவர் மக. இந்த வயசுல இங்கிலீஷ் படிச்சு அர்த்தம் பண்ணுது. நல்லாப் படிக்க வைங்க."

அப்பா என்னைப் பார்த்தார். பெட்ரோல் போடும்போது நான் சொன்னது அவருக்கு அப்போது நினைவு வந்ததா இல்லையா என்பது தெரியவில்லை. முகத்துப் புழுதியில் எதுவும் தெரியவில்லை. "ஆமா சார், நல்லாப் படிக்கும்" என்றார்.

மாமா சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அழுதார். "மச்சான், எனக்கு வேணாம். இது ஒங்க வண்டி."

"வாயக் கழுவு மாப்ள. ஊருக்கு முன்னால சொன்ன தீர்ப்பு" என்றார் அப்பா. பிறகு வண்டியைச் சுற்றி வந்து, "கிளச்சு கொஞ்சம் இழுக்குது. மலையில எறங்கையில ரெண்டாவது கியர விட்டுறாத" என்று சொன்னார்.

அந்தப் போட்டோவைப் பற்றிக் கேட்பீர்கள். கழுவிப் பார்த்தபோது ஒரு பெரிய வெள்ளை மேகமும் ஓரத்தில் ஒரு புளியங்கிளையும் இருந்தன.

வீட்டுக்கு நடந்து வந்தோம். அப்பா என் கையைப் பிடித்திருந்தார். அவர் உள்ளங்கை ஸ்டியரிங் பிடித்த சூட்டிலேயே இருந்தது. வாய்க்கால் பாலம் வந்ததும், "அந்த வெள்ளக்கார டிரைவரு, நின்னு வந்தாரே, அவரு பெறகு என்ன ஆனாராம்?" என்று கேட்டார்.

"அதுல போடலப்பா."

"தெரிஞ்சாச் சொல்லு."

மாமா அந்த வண்டியைப் பல வருடம் ஓட்டினார். வீரபாண்டிக்கு எங்களை அதில்தான் அழைத்துப் போவார். அப்பா முன் சீட்டில் உட்கார மாட்டார். பின்னால் எங்களோடு உட்காருவார். முதலாளியின் வண்டியைத் தன் கண் மங்கும் வரை ஓட்டினார். அந்த நாளைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கோபமாகக் கேட்டதில்லை. கேட்டிருந்தால், உங்களுக்காகத்தான் கொண்டு போனேன் என்று சொல்லியிருப்பேன். தானாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தபால் இலாகாவில் சேர்ந்து, மதுரையில் ஒரு நூலகத்தில் பழைய பத்திரிகைத் தொகுப்பைப் புரட்டும் வாய்ப்புக் கிடைத்தபோது அந்த டிரைவரைத் தேடினேன். பந்தயம் முடிந்த இரண்டே மாதத்தில், புதிய கார் ஒன்றைச் சோதித்து ஓட்டும்போது இறந்துவிட்டார். வாய்க்கால் பாலத்தில் அப்பா கேட்டபோது அவர் இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. நோட்டில் தேதியோடு எழுதிக்கொண்டேன். ஊருக்கு வந்தபோதெல்லாம் சொல்ல நினைத்து, சொல்லாமல் திரும்பினேன்.

அப்பா படுக்கையில் விழுந்த வருடம் ஒரு மத்தியானம் அவராகவே கேட்டார்.

"ஏத்தா, அந்த வெள்ளக்கார டிரைவரு என்ன ஆனாரு? நீ சொல்லவே இல்லையே."

"மறு வருசம் செயிச்சாருப்பா."

"சேந்து வந்தாகளா?"

"இல்லப்பா. தனியா. பின்னால ஒரு வண்டியும் கண்ணுக்குத் தெரியல."

கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

"வண்டிய அவருக்குத்தேன குடுத்தாக?"

"அவருக்குத்தேன்ப்பா" என்றேன்.